வானிற் சென்ற ஒற்றர்

திருக்குறளிலே கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை அடுத்து ஒற்றாடல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டிருக்கின்றது. பிறர்மாட்டு இரக்கங்கொண்டு நோக்கும் நோக்கினை 58ஆம் அதிகாரம் பேச, பிறர் அறியாவண்ணம் மறைந்துநின்று நோக்கும் நோக்கினை 59ஆம் அதிகாரம் பேசுகின்றது. இவ்வைப்பு முறை தற்செயலாய் அமைந்ததா, வள்ளுவர் கருதியே அமைத்ததா என்பதைப் புலவர்கள் வாதிடட்டும். ஒற்றாடலின் முதற் குறளிலே வேந்தனுக்கு இரண்டு கண்கள் கூறப்படுகின்றன. ஒன்று ஒற்று, மற்றையது நூல். நூலென்றது நீதிநூலை என்று உரைகாரர் பொருள் கூறுவர். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்கிய பின்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்னும் விதியும் அதே அதிகாரத்தின் பிற்பகுதியிற் காணப்படுகின்றது. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு, சென்ற நூற்றாண்டின் ஒற்றாடல் வரலாறொன்றைச் சற்று நோக்குவோம். தியோடர் றோவெல் என்பவரின் தலைமையில் இயங்கிய ஜேர்மன் வேவு விமானப் பிரிவின் வரலாறே அது.

இப்பிரிவைப்பற்றியும் இதனையொத்த பிரிவுகளைப்பற்றியும் மேனாட்டார் எழுதியவை பல. அவற்றுட் பெரும்பாலானவை, விமானத்தின் வகை யாது, இயந்திரத்தின் வலு எவ்வளவு, எத்தனை மீற்றர் உயரத்திற் பறந்தது என்பவற்றையே விரித்துரைக்கின்றன. நம் மாணவர்களும் அவற்றை ஆவலோடு படிக்கின்றனர். படிப்பதிற் குற்றமில்லை, விமானத்தின்மீது ஆசை கொள்ளாத இளம்பருவம் எங்குளது? ஆயின், 'இத்துணை உயரத்திலிருந்து இத்துணைத் தெளிவாகப் பார்த்தவர்கள் ஏன் தோற்றார்கள்?' என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்நூல்களிலிருந்து விடை கிடையாது. வரலாறு கற்பிப்போர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வியோ அதுவே என்பது எமது கருத்து.

றோவெல் முதலாவது மகாயுத்தத்திலே ஜேர்மன் கடற்படையின் விமானியாகப் பணியாற்றியவர். அந்த யுத்தம் முடிந்தபின் 1919இற் கையெழுத்தான வெர்சேல்ஸ் உடன்படிக்கை, ஜேர்மனி ஆகாயப் படை வைத்திருத்தலாகாது என விலக்கியது. படை இல்லாவிடினும் படைக்குரிய ஆவல் மறையவில்லை. போலந்து தன் எல்லையிலே அரண்கள் அமைக்கின்றது என்ற செய்தி பரவியபோது, 1930ஆம் ஆண்டளவில் றோவெல் தனிமனிதராகவே ஒரு விமானத்தை வாடகைக்கு அமர்த்தி, மிக உயரப் பறந்து, அவ்வரண்களைப் படம் பிடித்தார். அவர் பயன்படுத்தியது யுங்கர்ஸ் டபிள்யூ 34 வகை விமானம். அவ்வகை விமானமொன்று 1929 மே 26ஆந் திகதி 12,739 மீற்றர் உயரம் எழுந்து உலக சாதனை நிலைநாட்டியிருந்தது. படங்களைக் கண்ட அப்வேர் எனப்படும் ஜேர்மன் உளவுத் திணைக்களம் அவரைத் தன் பணிக்கு எடுத்துக்கொண்டது.

1934 ஜனவரியிலே ஜேர்மனியும் போலந்தும் ஒன்றையொன்று தாக்குவதில்லையென உடன்படிக்கை செய்துகொண்டன. உடன்படிக்கைக்குப் பின்னரும் றோவெலின் பணி வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. பேர்லினுக்கு அண்மையிலுள்ள ஸ்டாக்கனில் அவருடைய பிரிவு நிலைகொண்டது. பயணிகள் விமானக் கம்பனியான லுவ்தான்சாவின் குறிகளைத் தாங்கிய ஹைங்கல் 111 விமானங்கள், புதிய வான்வழிகளை ஆராய்கின்றோம் என்ற பெயரில், அயல்நாடுகளின்மேற் பறந்தன. சோவியத் நாடு, பிரான்சு, செக்கோசிலோவாக்கியா, பிரித்தானியா ஆகியவற்றின் துறைமுகங்களும் ஆலைகளும் கோட்டைகளும் சமாதான காலத்திலேயே பேர்லின் அலுவலகங்களிற் படங்களாய்ச் சேர்ந்தன.

இங்கு ஒன்று சொல்லல் வேண்டும். இவ்வேடம் ஜேர்மானியருக்கு மட்டும் உரியதன்று. 1939இலே சிட்னி கொட்டன் என்பார் வியாபாரியின் தோற்றத்தில், உல்லாசப் பயண விமானம் போன்ற ஒன்றிலே கமராக்களை மறைத்துவைத்து, பிரித்தானியாவுக்காக ஜேர்மனியைப் படம் பிடித்தார். 1960 மே முதலாந் திகதி சோவியத் வானிலே வீழ்த்தப்பட்ட அமெரிக்க யூ 2 விமானமும் வானிலை ஆராய்ச்சிக்குச் சென்றதென்றே முதலிற் கூறப்பட்டது. எனவே வேடத்தை மட்டுங் குறித்து ஒரு நாட்டாரைப் பழிப்பது நியாயமாகாது. ஒற்றனை அனுப்பியவன் எதற்காக அனுப்பினான், வந்த செய்தியை என்ன செய்தான் என்பனவே ஆராயத்தக்கன.

அவர்கள் கையாண்ட கருவியைப்பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படக்கூடும். ஜேர்மன் வேவு விமானங்களிற் பெரிதும் வழங்கிய கமராவின் வில்லை 50 சென்றிமீற்றர் குவியத்தூரம் உடையது. அதன் படச்சுருளில் விழும் ஒவ்வொரு படமும் 30 சென்றிமீற்றர் நீள அகலங் கொண்ட சதுரம். விமானம் 10,000 மீற்றர் உயரத்திற் பறக்கின்றதெனக் கொள்வோம். அப்போது படத்தின் அளவு இருபதினாயிரத்தில் ஒன்றாகும். ஒரே படத்தில் 6 கிலோமீற்றர் நீளமும் 6 கிலோமீற்றர் அகலமுமான நிலப்பரப்பு அடங்கிவிடும். சிறகின் அகலம் 20 மீற்றர் உள்ள குண்டுவீச்சு விமானமொன்று அப்படத்திலே ஒரு மில்லிமீற்றராகத் தோன்றும். பூதக்கண்ணாடி கொண்டு அதனை எண்ணிவிடலாம். மேலிருந்து நோக்குங்கால் அரை மீற்றர் இடம்பிடிக்கும் மனிதனோ ஒரு மில்லிமீற்றரில் நாற்பதில் ஒரு பங்கு. அவன் படத்தில் இல்லை என்றே சொல்லிவிடலாம். வீதி உண்டு, பாலம் உண்டு, விமானத்தளம் உண்டு. அவற்றைக் கட்டியவனும் காப்பவனும் அதில் அகப்படுவதில்லை. பின்னர் நிகழ்ந்த பெரும்பிழைகளுக்கு இக்கணக்கிலேயே ஒரு காரணம் மறைந்திருப்பதாக எமக்குத் தோன்றுகின்றது.

1940 இலையுதிர் காலத்திலே ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது படையெடுக்க எண்ணங்கொண்டு, எல்லைக்கு அப்பாலுள்ள நிலத்தைப் படம்பிடிக்கும்படி றோவெலுக்குக் கட்டளையிட்டார். இரு நாடுகளும் 1939 ஓகஸ்டில் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்று கையொப்பமிட்ட நாடுகள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஹைங்கல், டோர்னியர், யுங்கர்ஸ் விமானங்கள் கிழக்குப் பிரசியா, போலந்து முதலிய இடங்களிலிருந்து எழுந்தன. இவற்றுட் புதுமையானது யுங்கர்ஸ் 86 பி. பழைய குண்டுவீச்சு விமானமொன்றின் சிறகுகளை நீட்டி, டீசல் இயந்திரங்கள் பொருத்தி, இருவர் மட்டும் அமரும் காற்றழுத்த அறையொன்றை அமைத்து, 12,000 மீற்றருக்கும் மேலே செல்லத்தக்கதாக அதனை மாற்றியிருந்தனர். அன்றிருந்த சோவியத் போர் விமானங்கள் அவ்வுயரத்தை எட்டவில்லை.

எட்டவில்லை என்பது ஒருபுறமிருக்க, தாழப் பறந்தவற்றையுஞ் சுடுதலாகாது என்பதே சோவியத் எல்லைக் காவலர் பெற்றிருந்த உத்தரவு. 1941 ஏப்ரில் 15ஆந் திகதி உக்கிரெயினின் மேற்கிலுள்ள றோவ்னோ நகருக்கு அண்மையில் வேவு விமானமொன்று தரையிறங்க நேர்ந்தது. அதனுள்ளே கமராவும், பதிவான படச்சுருள்களும், சோவியத் பிரதேசமொன்றின் கிழிந்த படவரைபும் அகப்பட்டன. இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுமா? அம்மாதத்திலேயே சோவியத் அரசு ஜேர்மனிக்கு முறைப்பாட்டுக் குறிப்பொன்று அனுப்பிற்று. மார்ச் 27 முதல் ஏப்ரில் 18 வரை 80 தடவைகள் எல்லை மீறப்பட்டதாக அதிற் கூறப்பட்டது. குறிப்பின் தொனியோ வியப்பூட்டுவது. இத்தகைய பறப்புக்கள் அடிக்கடி நிகழாதவரை ஜேர்மன் விமானங்களைச் சுடவேண்டாமெனத் தம் படைகளுக்குக் கட்டளையிட்டிருப்பதை நட்போடு நினைவூட்டுவதாக அது அமைந்திருந்தது. மூன்று வாரங்களில் எண்பது தடவை நிகழ்ந்ததை 'அடிக்கடி' என்று கொள்ளாவிடின் அச்சொல்லுக்கு வேறு பொருள் யாதோ, யாமறியோம்.

பின்னரும் பறப்புக்கள் நிற்கவில்லை. ஏப்ரில் 19 முதல் ஜூன் 19 வரை மேலும் 180 மீறல்கள் என இரண்டாவது குறிப்புத் தயாராயிற்று. வெளிநாட்டமைச்சர் மொலொட்டோவ் ஜேர்மன் தூதுவர் சூலன்பேர்க்கை அழைத்து இம்முறைப்பாட்டைத் தெரிவித்த வேளை ஜூன் 21ஆந் திகதி இரவு ஒன்பதரை மணி. அடுத்த நாள் விடியுமுன் ஜேர்மன் குண்டுகள் விழத் தொடங்கின. முதல் நாளில் 66 விமானத்தளங்கள் தாக்கப்பட்டன. அன்று மட்டும் ஏறத்தாழ 1,200 விமானங்களை இழந்ததாகச் சோவியத் வரலாற்று நூல்களே ஒப்புக்கொள்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தரையில் நின்றபடியே அழிந்தன. எந்தத் தளத்தில் எத்தனை விமானங்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதை முன்னரே படம்பிடித்து வைத்திருந்தவர்களுக்கு அது அரியதொரு காரியமன்று.

ஸ்டாலினின் பிழையைப்பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. தன் தலைக்குமேலே ஒற்றன் நாள்தோறும் பறப்பதைக் கண்டும், அவன் வரவின் பொருளை அறிய மறுத்த ஆட்சியாளரை எதிர்த்துப் பேச அவரைச் சூழ்ந்திருந்தோர்க்குத் துணிவிருக்கவில்லை என்பதோடு அதனை விடுவோம். பலரும் பேசாத பகுதி மறுபக்கத்துப் பிழையே. ஜூன் 22ஐக் கண்டவர்கள் றோவெலின் பிரிவு முழு வெற்றி பெற்றுவிட்டதென்றே எண்ணியிருப்பர். ஏழு வாரங்கள் கழிந்தன. ஓகஸ்ட் 11ஆந் திகதி ஜேர்மன் தரைப்படையின் தலைமை அலுவலரான பிரான்ஸ் ஹல்டர் தம் நாட்குறிப்பில் ஒரு கணக்கை எழுதினார். போர் தொடங்கும்போது பகைவரிடம் ஏறத்தாழ 200 டிவிசன்கள் இருக்குமெனக் கணித்திருந்தோம். இப்பொழுது 360 எண்ணிவிட்டோம் என்பது அதன் சாரம்.

எஞ்சிய 160 டிவிசன்கள் எங்கிருந்து வந்தன? படம் பிடித்தவர்கள் பார்க்கத் தவறினார்களா? அவ்வாறன்று. படம் பிடிக்கப்பட்ட காலத்தில் அவற்றுட் பல டிவிசன்கள் தோன்றியிருக்கவேயில்லை. அவற்றின் போர்வீரர் வயலில் உழுதுகொண்டும், ஆலையிற் கடைந்துகொண்டும், பள்ளியிற் படிப்பித்துக்கொண்டும் இருந்தனர். படத்தில் நாற்பதில் ஒரு பங்கு மில்லிமீற்றராக நின்றவர்கள் அவர்களே. விதைக்குள் இருக்கும் மரத்தை எந்த வில்லையால் படம் பிடிப்பது? 1941 ஜூலைக்கும் டிசெம்பருக்கும் இடையில் 1,500க்கும் மேற்பட்ட பெருந்தொழிற்சாலைகள் பிரித்தெடுக்கப்பட்டு, புகையிரதங்களில் ஏற்றப்பட்டு, யூரல் மலைப் பக்கத்துக்கும் அதற்கப்பாலும் கொண்டுசெல்லப்பட்டன. ஆலையைப் படம் பிடித்திருந்தனர். ஆலை எழுந்து நடக்கும் என்பதைப் படம் சொல்லவில்லை.

இன்னுமொரு செய்தி உண்டு. 1941 ஏப்ரிலிலே ஜேர்மன் பொறியியலாளர் சிலர் அழைப்பின் பேரில் சோவியத் விமானத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தனர். அவற்றின் பெருமையையும் திறனையுங் கண்டு வியந்து, எச்சரிக்கையாகவே அறிக்கை எழுதினர். வள்ளுவர் கூறிய இரண்டாவது ஒற்று இதோ கையிற் கிடைத்தது! வானிலிருந்து பார்த்ததைத் தரையிலிருந்து பார்த்ததோடு ஒப்பிட அரிய வாய்ப்பு. ஆகாயப் படைத் தலைவர் கோயரிங் அவ்வறிக்கையை நம்ப மறுத்துவிட்டார். சோவியத் நாடு ஓர் உதையில் விழக்கூடிய உளுத்த வீடு என்பது ஹிட்லரின் முடிபு. அம்முடிபுக்கு ஏற்ற படங்கள் சான்றாக வரவேற்கப்பட்டன. ஏலாத அறிக்கை பொய்யெனத் தள்ளப்பட்டது. ஒற்றர் எத்துணை வல்லவராயினும் கேட்பவன் செவி இவ்வாறிருந்தால் என்ன பயன்?

ஓராண்டுக்கு முன் பிரித்தானியாவிலும் இதுவே நிகழ்ந்தது. தென்கரையோரத்திலே நூறு மீற்றருக்கும் மேலாக உயர்ந்து நின்ற றேடார்க் கோபுரங்களை ஜேர்மானியர் கண்டிருந்தனர். அக்கோபுரங்கள் கண்டதைத் தொலைபேசி வழியே ஒன்றுதிரட்டி, போர் விமானங்களை நெறிப்படுத்தும் நிலையங்களும் நிலையங்களுக்கிடையே ஓடும் கம்பித் தொடர்பும் எத்தன்மையன என்பதை அவர்கள் விளங்கிக்கொள்ளவில்லை. 1940 ஜூலை 16ஆந் திகதி ஆகாயப் படையின் உளவுப் பகுதித் தலைவர் யோசப் சிமிட் தயாரித்த மதிப்பீட்டிலே றேடாரைப்பற்றிப் பேச்சே இல்லை. பிரித்தானியா மாதந்தோறும் 180 முதல் 330 வரையான போர் விமானங்களை ஆக்குகின்றதென அவர் கணித்தார். அந்த ஜூலையில் உண்மையில் ஆக்கப்பட்டவை 496. ஓகஸ்ட் 12இல் வென்ற்னர் றேடார் நிலையம் தாக்கப்பட்டுச் செயலிழந்தது. மூன்று நாட்களின் பின் கோயரிங், இந்நிலையங்களைத் தொடர்ந்து தாக்குவதில் பயனுண்டோ என ஐயுற்றார். வெற்றியின் வாயிலைத் திறந்துவிட்டு உள்ளே புகாமல் திரும்பியவரின் கதை இது.

1938ஆம் ஆண்டளவில் ஜேர்மன் தளபதி வேர்ணர் வொன் பிரிட்ஷ், அடுத்த போரிலே எந்நாட்டின் வான்படப் பணி மிகச் சிறந்ததோ அந்நாடே வெல்லும் என்று கூறியதாகப் பலர் எடுத்துக்காட்டுவர். அவர் சொன்னது அவர் நாட்டுக்குப் பலிக்கவில்லை. பிரித்தானியர் 1941 ஏப்ரிலிலிருந்து மெட்மன்ஹம் என்னும் இடத்திலே ஒரு பெருமாளிகையில் படவாசிப்பு நிலையம் நடத்தினர். வாசிப்பு என்ற சொல்லைக் கருதியே இடுகின்றோம். அங்கே பூதக்கண்ணாடியுடன் அமர்ந்திருந்தோருள் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்களான கிளின் டானியல், டொறதி கரட் போன்ற பல்கலைக்கழக அறிஞர் இருந்தனர். மண்மேட்டின் நிழலைப் பார்த்துப் பழைய கோட்டையின் வடிவைச் சொல்லப் பழகிய கண்கள் அவை. கொன்ஸ்ரன்ஸ் பபிங்ரன் ஸ்மித் என்னும் பெண் அதிகாரி, 1943 நவம்பர் 28இல் எடுக்கப்பட்ட பீனமுண்டேப் படமொன்றிலே, சரிவான மேடையொன்றின்மேல் நின்ற மிகச் சிறிய சிலுவை வடிவொன்றை அடையாளங் கண்டார். பின்னர் லண்டன்மேல் விழுந்த வி 1 பறக்கும் குண்டு அதுவே. ஜேர்மனியின் வில்லைகள் பிரித்தானிய வில்லைகளிலும் தாழ்ந்தன அல்ல. படத்தை வாசிப்போருக்கு அங்கு இத்தகைய மதிப்பு அளிக்கப்படவில்லை. உடன் தேவைப்படும் இலக்கைக் குறித்துக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. (மெட்மன்ஹத்துப் படங்களும் ஜேர்மன் நகரங்களை எரிப்பதற்குப் பயன்பட்டன என்பதை மறைத்தல் தகாது. அறிவு கைவரப்பெற்றவர் அனைவரும் கண்ணோட்டமும் உடையரென எண்ணிவிடலாகாது.)

'வேவு விமானி ஆயுதம் ஏந்தாதவன். பார்த்தான், படம் எடுத்தான், திரும்பினான். அவன்மேற் பழி என்ன?' என்று கேட்போர் உளர். அந்த விமானங்களின் பிற்கால வரலாறே இதற்கு விடை கூறும். யுங்கர்ஸ் 86 இன்னும் உயரப் பறக்குமாறு திருத்தப்பட்டு, 1942 ஓகஸ்டிலே ஒற்றைக் குண்டு ஒன்றைச் சுமந்து பிரித்தானியாவின்மேல் அனுப்பப்பட்டது. ஓகஸ்ட் 28ஆந் திகதி பிறிஸ்ரல் நகரத்தின்மேல் மிக உயரத்தில் ஒற்றை விமானம் பறந்தது. அதிலிருந்து வீழ்ந்த 250 கிலோ குண்டு பஸ் வண்டிகள் நின்ற தெருவொன்றில் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கமரா இருந்த வயிற்றிலே குண்டைப் பொருத்துவதற்குப் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. செப்டெம்பர் 12இல் 13,000 மீற்றர் உயரத்தில் பிரித்தானிய ஸ்பிற்பயர் விமானமொன்று இவ்வகை விமானத்தை எட்டிப்பிடித்துச் சுட்டது. அந்த யுத்தத்தில் மிக உயரத்தில் நிகழ்ந்த வான்போர் அஃதென்பர். விமானம் தப்பிச் சென்றது. ஆயினும் உயரம் தந்த காப்பு அன்றோடு முடிந்தது.

அவ்விமானத்தில் நோக்குநராக இருந்தவர் எரிக் சொமர். அவரையே ஈராண்டுகளின் பின் மற்றோர் அருஞ்செயலிற் காண்கின்றோம். 1944 ஜூன் 6இல் நேசநாட்டுப் படைகள் நோர்மண்டியில் இறங்கின. அன்று முதல் ஜேர்மன் வேவு விமானங்கள் அக்கரையை அணுகவே இயலாதிருந்தன, அணுகியவை வீழ்த்தப்பட்டன. அப்பொழுது சோதனை நிலையிலிருந்த அராடோ 234 என்னும் ஜெற் விமானத்தை அங்கு அனுப்பத் தீர்மானித்தனர். அது சில்லில்லா விமானம். சில்லு வண்டியொன்றின்மேல் வைத்து மேலெழுப்பி, சறுக்குப் பலகைகளிலே தரையிறக்க வேண்டும். ஜூலைக் கடைசியிலே சொமர் விமானத்தோடு பிரான்சிலுள்ள யுவின்கூர் தளத்துக்கு வந்து சேர்ந்தார். சில்லு வண்டியோ புகையிரதத்திலே பின்னால் வந்துகொண்டிருந்தது. உலகத்தின் அதிவேக வேவு விமானம் ஒரு வண்டிக்காகப் பல நாட்கள் தரையிற் கிடந்தது. ஓகஸ்ட் 2ஆந் திகதி அவர் எழுந்து, 10,000 மீற்றர் உயரத்திலிருந்து, எவராலுந் தடுக்கப்படாது, கடற்கரை முழுவதையும் 380 படங்களில் அடக்கிக் கொணர்ந்தார். பறப்பு முழுவதுக்கும் எடுத்த நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. இரண்டு மாதங்களாக ஆகாயப் படை முழுவதும் முயன்று முடியாதது அவ்வொன்றரை மணியில் முடிந்தது.

படங்களிற் கண்டதென்ன? அதற்குள் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரரும், அத்தனை தொன் பொருட்களும், ஏறத்தாழ மூன்று இலட்சம் வாகனங்களும் கரை சேர்ந்துவிட்டிருந்தன. படவாசிப்போர் பன்னிருவர் கூடி முதலறிக்கையை எழுத இரண்டு நாட்களுக்கு மேலாயிற்று. அறிக்கை எவ்வளவு தெளிவாயிருந்தும், அதனைக்கொண்டு செய்யத்தக்கது எதுவும் எஞ்சியிருக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இவர்கள் குறைவாகவே கண்டனர். கையிற் படையோ மிகுதியாயிருந்தது. இப்பொழுது குறைவின்றிக் கண்டனர், படை தேய்ந்துவிட்டது. இந்தப் பறப்பைச் சொல்லும் நூல்கள் ஜெற் விமானத்தின் வேகத்தைப் பக்கம் பக்கமாய்ப் புகழ்ந்துவிட்டு, அது கொணர்ந்த படங்கள் என்னவாயின என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எம்முடைய குறை அதுவே. வகுப்பறையில் அந்த ஒரு வரியிலிருந்து பாடத்தைத் தொடங்குதல் நலம்.

யுத்தம் முடிந்தபோது ஜேர்மன் ஆகாயப் படையின் படத் தொகுதிகளை அமெரிக்கரும் பிரித்தானியரும் தேடிக் கைப்பற்றினர். சோவியத் நாட்டின் உட்பகுதிகளைப்பற்றி வேறு நல்ல படங்கள் கிடையாத காலம் அது. ஆகவே, றோவெல் முதலானோர் ஹிட்லருக்காக எடுத்த படங்கள் சில ஆண்டுகளுக்குள்ளேயே அடுத்த போருக்கான இலக்குப் பட்டியல்களிற் சேர்ந்தன. இன்று ஏறத்தாழ 12 இலட்சம் படங்கள் அமெரிக்கத் தேசிய சுவடிக் கூடத்தில் உள்ளன. தொல்பொருள் ஆராய்ச்சியாளரும் வரலாற்றாசிரியரும் அவற்றைக் கேட்டுப் பெற்று, குண்டுகள் விழுமுன் இருந்த தெருக்களையும், உழவுக்குள் மறைந்த பழைய மேடுகளையும், பெயர் மட்டும் எஞ்சியுள்ள கிராமங்களின் வீட்டு வரிசைகளையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துத் தேடிக்கொண்டிருக்கின்றனர்.